பேலட் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு: நான் தொலைத்த இரண்டு வருடம் உங்களுக்கு வேண்டாம்

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்க மலைப்பக்கத்திலும் கதை சொல்லும் பாட்டுகள் உண்டு, அவற்றில் கொலை, கடல், பேய், துரோகம் எல்லாம் வரும், 'பேலட்' என்று பெயர் என்று எங்கோ படித்தேன். ஆசை வந்துவிட்டது. இங்கிலீஷ் பாட்டிலேயே ஊறிய நண்பன் ஒருவனிடம் கேட்டதும் மறுநாளே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். நானூறு பாட்டு. ஒரு மாதம் உட்கார்ந்து கேட்டேன். ஒரு கொலைகூட விழவில்லை. எல்லாமே 'நீ இல்லாமல் நான் இல்லை' ரகம்.

அப்புறம் தப்பான சிடி பெட்டி வாங்கினேன், தப்பான வரிகளை அச்செடுத்தேன், பேருந்தில் கேட்டுக் கதையைத் தவறவிட்டேன். சரியான வரிசை பிடிபட இரண்டு வருடம் ஆனது. உங்களுக்குப் பன்னிரண்டு வாரம் போதும். இசை ஞானம் தேவையில்லை, எனக்கும் கிடையாது. செய்தித்தாள் படிக்கிற அளவு இங்கிலீஷ் இருந்தால் சரி.

1. எந்த பேலட் என்று முதலில் தீர்மானியுங்கள்

அந்தச் சொல்லுக்கு இப்போது இரண்டு அர்த்தம். பாப் உலகில் பேலட் என்றால் மெதுவான காதல் பாட்டு. ராக் குழு அதையே டிரம்ஸ் அதிர வாசித்தால் 'பவர் பேலட்'. என் நண்பன் கொடுத்தது இதுதான், அவன்மேல் தப்பில்லை. பழைய அர்த்தம் வேறு. நடந்த ஒன்றை, பாத்திரங்கள் பேசப் பேச, நாலு நாலு வரியாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு அது. நம் ஊர் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் நல்லதங்காள் கதை, முத்துப்பட்டன் கதை போன்றவற்றைச் சொல்லப் பயன்படுத்தும் 'கதைப்பாடல்' என்ற சொல்தான் இதற்குச் சரியான தமிழ்.

காதல் பேலட்தான் வேண்டுமென்றால் ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய 'அன்செயின்டு மெலடி' (1965), சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்' (1970) இரண்டையும் கேட்டுவிட்டு அங்கிருந்து போய்க்கொண்டே இருங்கள். அந்தப் பாதைக்கு வழிகாட்டி வேண்டாம், செயலியே ஊட்டிவிடும். இந்தக் கட்டுரை கதைப்பாடலுக்கு.

தேடும் பெட்டியில் 'பேலட்' என்று மட்டும் அடிக்காதீர்கள். 'சைல்டு பேலட்', 'மர்டர் பேலட்', 'டிரெடிஷனல் பேலட்' என்று இங்கிலீஷில் அடியுங்கள். 'ஆல்டைம் பெஸ்ட் பேலட்ஸ்' என்று ஒரு பட்டியல் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பாட்டு கேட்க ஆவணம் எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். ஆறு மாதம் வீணானது அதனால்தான்.

முதலாவது, சைல்டு எண். ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 305 இங்கிலீஷ், ஸ்காட்டிஷ் கதைப்பாடல்களைத் தொகுத்து எண் போட்டு 1882 முதல் 1898 வரை வெளியிட்டார். 'சைல்டு' என்பது அவர் பெயர். குழந்தைப் பாட்டு என்று நினைத்து வீட்டுக் குழந்தைக்குப் போட்டுவிடாதீர்கள், நான் ஒருமுறை போட்டேன். இந்த எண் ஏன் முக்கியம்? ஒரே பாட்டுக்குப் பத்துப் பெயர் இருக்கும். 'லிட்டில் மஸ்கிரேவ்' என்றும் 'மேட்டி குரோவ்ஸ்' என்றும் இருப்பவை ஒரே கதை, சைல்டு 81. 'டீமன் லவர்', 'ஜேம்ஸ் ஹாரிஸ்', 'ஹவுஸ் கார்பென்டர்' மூன்றும் சைல்டு 243. எண் தெரியாமல் நான் அதே கதையை மூன்று பாட்டு என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு எண்ணின் கீழும் ஏ, பி, சி என்று வடிவங்கள் வரும். எது 'ஒரிஜினல்' என்று தேடாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது.

இரண்டாவது, ரவுட் எண். சைல்டு தொகுப்பில் இல்லாத நாட்டுப்பாடல்களையும் சேர்த்து ஸ்டீவ் ரவுட் என்கிற நூலகர் உருவாக்கிய அட்டவணை. லண்டனில் சிசில் ஷார்ப் ஹவுஸில் இயங்கும் வாகன் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். உதாரணத்துக்கு 'பார்பரா ஆலன்' சைல்டு 84, ரவுட் 54. தலைப்பு குழப்பினால் இதில் ஒரு தட்டு தட்டுங்கள், தீர்ந்துவிடும்.

மூன்றாவது, நீங்கள் கேட்கும் அதே பதிவின் வரிகள். 'அதே பதிவின்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பாடல்வரித் தளங்களில் பாட்டின் பெயரைப் போட்டால் வேறொருவர் பாடிய வடிவம் வந்து நிற்கும். நான் பன்னிரண்டு பக்கம் அச்செடுத்து, மூன்றாவது பத்தியிலேயே பாடகியும் தாளும் பிரிந்து போக, என் காதுதான் மந்தம் என்று நினைத்தேன். பாடகர் பெயரையும் ஆல்பம் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். தானியங்கி வசனவரிகளை நம்பவே வேண்டாம், ஸ்காட்டிஷ் உச்சரிப்பு வந்ததும் அது உளற ஆரம்பித்துவிடும்.

நான்காவது, இசைத்தட்டோடு வந்த குறிப்புகள். பாட்டு எங்கிருந்து கிடைத்தது, கதை என்ன, சைல்டு எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். செயலிகள் இதைக் காட்டுவதில்லை. ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் நிறுவனம் தன் வெளியீடுகளின் குறிப்புகளை பிடிஎஃப் ஆகத் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. எவ்வளவு தாமதம் என்பதை அடுத்த தலைப்பில் சொல்கிறேன்.

3. செலவு

சைல்டின் தொகுதிகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்த பிரதிகள் இலவசம். அச்சுப் புத்தகம் வாங்காதீர்கள், முதல் வருடம் நீங்கள் திறக்கப்போவது இருபது பக்கம்தான். அதில் ராகமும் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம், கிட்டத்தட்ட முழுக்க வார்த்தைகள்தான். ராகங்களைத் தொகுத்தவர் பெர்ட்ரண்ட் பிரான்சன், நான்கு பெரிய தொகுதிகள். அது ஆராய்ச்சியாளர்களுக்கு, நமக்கில்லை.

கேட்பதற்கு இலவசச் செயலிகளே போதும். ஆனால் போனில் இலவசக் கணக்கு வைத்திருந்தால் சில செயலிகள் பாட்டைத் தம் இஷ்டத்துக்குக் கலைத்துப் போடும், நீங்கள் கேட்ட பாட்டுக்கு முன்னால் வேறு நாலு வரும். கணினியில் இந்தத் தொல்லை குறைவு. கதையின் நடுவில் விளம்பரம் விழுந்தால் எரிச்சலாக இருக்கும், அது மட்டும் பொறுக்கவில்லையென்றால் ஒரு மாதச் சந்தா போட்டுப் பாருங்கள். வருடச் சந்தா முதலிலேயே வேண்டாம்.

டேட்டா பயம் தேவையில்லை. எட்டு நிமிடப் பாட்டு சாதாரணத் தரத்தில் 10 எம்பிக்குள் அடங்கும். காணொளியாகப் பார்த்தால்தான் எகிறும், இந்தப் பாட்டுகளில் பார்ப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை.

இயர்போன் அவசியம். என்னுடையது 700 ரூபாய், வயர் வைத்தது. விலை உயர்ந்தது வாங்கிப் பிரயோஜனமில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளில் 'கரகர' இருக்கத்தான் செய்யும். நான் இதற்காக இரண்டு இயர்போனை மாற்றினேன்.

பேண்ட்கேம்ப் தளத்தில் பாடகர்களிடமிருந்தே ஆல்பம் வாங்கலாம், வரிகளும் பல நேரம் கூடவே வரும். விலை டாலரிலோ பவுண்டிலோ இருக்கும். நம் ஊர் கார்டுகளில் பல, வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடப்பட்டே வருகின்றன. வங்கிச் செயலியில் அதைத் திறந்து, சின்ன வரம்பு வைத்து, வாங்கியபின் திரும்ப மூடிவிடுங்கள். மாற்றுக் கட்டணம் என்று வங்கி தனியாக ஒன்று பிடிக்கும். சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கையும் பாடகருக்கே விட்டுக்கொடுக்கும், அவசரமில்லையென்றால் அந்த நாளுக்குக் காத்திருக்கலாம்.

இப்போது என் நஷ்டக் கணக்கு. ஹாரி ஸ்மித் என்பவர் 1952இல் 84 பழைய இசைத்தட்டுப் பதிவுகளைத் தொகுத்து 'ஆந்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூசிக்' என்று வெளியிட்டார். முதல் 27 பாட்டுகள் முழுக்கக் கதைப்பாடல்கள். கூடவே அவரே எழுதிய ஒரு குறிப்புப் புத்தகம். அந்தப் புத்தகத்துக்காகவே வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் பழைய சிடி பெட்டியை வாங்கினேன். தபால், சுங்க வரி எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரத்தைத் தொட்டது. பெட்டி வந்தது, சிடியும் இருந்தது, புத்தகம் இல்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, அதே புத்தகம் ஃபோக்வேஸ் தளத்தில் இலவச பிடிஎஃப் ஆக இருப்பதைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி நான் எந்தப் பாட்டும் கேட்கவில்லை.

4. கேட்கும் முறை

இதைத் தப்பாகச் செய்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பலனில்லை.

நாம் சினிமாப் பாட்டு கேட்டுப் பழகியவர்கள். முதலில் மெட்டு, பிறகு குரல், வார்த்தை கடைசியில்தான். இங்கே அந்த வரிசை உதவாது. மெட்டு நாலு வரிக்கு மேல் நீளாது, அதுவே இருபது முப்பது முறை திரும்பும். மெட்டை நம்பி உட்கார்ந்தால் மூன்றாவது நிமிடத்தில் தூக்கம் வரும். கதையைப் பிடித்துக்கொண்டால் மெட்டு தானாகப் பின்னால் வரும்.

ஹாரி ஸ்மித்தின் குறிப்புகளில் ஓர் அருமையான தந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு கதையையும் செய்தித்தாள் தலைப்பு மாதிரி இரண்டு வரியில் சுருக்கியிருப்பார். நான் அதைக் காப்பியடித்தேன். கேட்பதற்கு முன் கதையைப் படித்துவிட்டு தினசரித் தலைப்பாக நோட்டில் எழுதுங்கள். 'வேறு பெண்ணை விரும்பிய இளைஞன் கத்தியால் குத்திக் கொலை. உடலைக் கிணற்றில் வீசிய பெண்ணைப் பறவை காட்டிக்கொடுக்கிறது' என்பது மாதிரி. முடிவு தெரிந்துவிடுமே என்ற கவலை வேண்டாம். இந்தப் பாட்டுகளைப் பாடிய ஊர்களில் எல்லோருக்கும் முடிவு தெரிந்துதான் இருந்தது.

பிறகு மூன்று முறை. முதல் தடவை வரிகள் கையில். இரண்டாம் தடவை வரிகள் இல்லாமல். மூன்றாவது, இரண்டு நாள் கழித்து, இரவில், விளக்கை அணைத்துவிட்டு. பேருந்திலோ சமைக்கும்போதோ வேண்டாம். குக்கர் விசில் அடித்த நேரத்தில் ஒருத்தி செத்துப்போயிருப்பாள்.

புதியவர்கள் தடுமாறும் மூன்று இடங்கள் உண்டு.

கதை திடீரென்று தாவும். ஒரு பத்தியில் ராஜா கடிதம் எழுதுகிறார், அடுத்த பத்தியில் மாலுமி அதைக் கடற்கரையில் படித்துக்கொண்டிருக்கிறான். யார் கொண்டுபோனது, எத்தனை நாள் ஆனது, ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஏதோ தவறவிட்டோம் என்று பின்னால் ஓட்டிப் பார்க்காதீர்கள். அந்த இடைவெளி பாட்டிலேயே இருப்பது. ஏன் செய்தாள், என்ன நினைத்தாள் என்பதையும் சொல்லமாட்டார்கள். செய்ததும் பேசியதும் மட்டும்தான்.

பாடுகிறவர் உணர்ச்சி காட்டமாட்டார். தலை உருளும் வரியையும் காலையில் பால் கறந்த வரியையும் ஒரே குரலில் பாடுவார். முதலில் 'என்ன இது, பாடத் தெரியாதா' என்றிருக்கும். ஏழெட்டுப் பாட்டு தாண்டியபின் உருகிப் பாடுகிறவர்களைத்தான் சகிக்க முடியாமல் போகும்.

மூன்றாவது, பழைய ஸ்காட்டிஷ் சொற்கள். ஒரு கை விரலளவு தெரிந்தால் முக்கால்வாசி ஓட்டிவிடலாம். 'பேர்ன்' குழந்தை, 'கர்க்' தேவாலயம், 'கென்' அறிவது, 'கேங்' போவது, 'போனி' அழகான. பால்வெள்ளைக் குதிரை, லில்லிப்பூ போன்ற கை, ரத்தச் சிவப்பு ஒயின் என்று சில அடைமொழிகள் பாட்டுக்குப் பாட்டு அப்படியே வரும். நாம் 'சேல்விழி' என்று சொல்லிவிட்டுப் போவதைப் போலத்தான், அதில் ரகசிய அர்த்தம் தேட வேண்டாம்.

5. முதல் மூன்று வாரம்: மூன்று பாட்டு, அதற்கு மேல் இல்லை

முதல் வாரம் 'ஸ்கார்பரோ ஃபேர்'. சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 1966 பதிவு, காதுக்கு இதமானது, எங்கேயாவது கேட்டும் இருப்பீர்கள். தையலே இல்லாமல் சட்டை தைக்கச் சொல் என்று நடக்காத வேலையாகக் கேட்டுக்கொண்டே போகும் பாட்டு. வேர் சைல்டு 2. அதோடு மார்ட்டின் கார்த்தியின் 1965 பதிவையும் கேளுங்கள், பால் சைமன் கற்றுக்கொண்டது அவரிடமிருந்துதான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் மேல்பூச்சு எது, பாட்டு எது என்று விளங்கிவிடும்.

இரண்டாம் வாரம் 'பார்பரா ஆலன்'. ஒரு வாலிபன் சாகக் கிடக்கிறான், பார்பராவை வரச்சொல்லி ஆள் அனுப்புகிறான். அவள் மெதுவாக எழுந்து, மெதுவாக வந்து, முகத்தைப் பார்த்து, 'நீ சாகப்போகிறாய் என்று நினைக்கிறேன்' என்கிறாள். அவ்வளவுதான். மதுக்கடையில் எல்லாப் பெண்களுக்கும் கோப்பையை உயர்த்திவிட்டு அவளை மட்டும் விட்டுவிட்டான் என்பது கோபம். அவன் செத்தபின் மணி ஒலிப்பதைக் கேட்கிறாள், மறுநாள் அவளும் போய்விடுகிறாள். ஒரு கல்லறையில் ரோஜா, இன்னொன்றில் முட்செடி, இரண்டும் மேலே போய்ப் பின்னிக்கொள்கின்றன. கென்டக்கி மலைப்பகுதிக்காரரான ஜீன் ரிட்சி பாடியதை முதலில் கேளுங்கள், பிறகு ஜோன் பயஸ் 1961இல் பதிவு செய்தது. இன்னும் வேண்டுமென்றால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்த ஒரே பாட்டுக்கு முப்பது பேர் பாடிய பதிவுகளை ஓர் ஆல்பமாகவே போட்டிருக்கிறது. முதல் மாதத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள், ஆறாவது பார்பராவில் வெறுத்துவிடும்.

மூன்றாம் வாரம் 'வில்லி ஆஃப் வின்ஸ்பரி', சைல்டு 100. அனயிஸ் மிட்செல், ஜெஃபர்சன் ஹேமர் இருவரும் 2013இல் 'சைல்டு பேலட்ஸ்' என்று ஏழு பாட்டு மட்டும் கொண்ட ஆல்பம் போட்டார்கள், அதில் முதல் பாட்டு இது. உச்சரிப்பு தெளிவு, பழஞ்சொற்களை எளிமையாக்கியிருக்கிறார்கள், இரண்டு கிதார், இரண்டு குரல். எனக்கு யாராவது இந்த ஆல்பத்தை முதல் நாளே காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. கதையும் ஆறுதலானது. ராஜா ஊர் திரும்புகிறார், மகள் கர்ப்பம், காரணமானவனைத் தூக்கில் போடச் சொல்கிறார். அவனைக் கொண்டுவந்து நிறுத்தியதும், 'நான் பெண்ணாக இருந்தால் நானே மயங்கியிருப்பேன்' என்று சொல்லி மகளையும் நிலத்தையும் கொடுக்கிறார். வில்லி மகள் போதும் என்கிறான். யாரும் சாகாத பேலட் அபூர்வம், அனுபவியுங்கள்.

6. நான்கு முதல் ஒன்பதாவது வாரம்: பழையவற்றின் உள்ளே

'கேலோஸ் போல்'. லெட் செப்பலின் 1970 பதிவு, சைல்டு 95. தூக்குமேடையில் நிற்கிறவன் தூக்குப் போடுகிறவனைக் கெஞ்சி நிறுத்துகிறான், ஒவ்வொரு உறவாக வருகிறது, வெள்ளி கொண்டுவந்தாயா, பொன் கொண்டுவந்தாயா. ஒரே பத்தி ஒரு சொல் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வருவதுதான் இந்தப் பாட்டுகளின் உயிர்நாடி, அதைப் பழக இதைவிடச் சுலபமான பாட்டு இல்லை. பழைய வடிவங்கள் பலவற்றில் காதலன் வந்து காப்பாற்றிவிடுவான். லெட் செப்பலின் வடிவத்தில் தூக்குப் போடுகிறவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தூக்கிலும் போட்டுவிடுகிறான்.

'லார்டு ராண்டல்', சைல்டு 12. தாய் கேட்கிறாள், மகன் பதில் சொல்கிறான், முழுப் பாட்டும் அதுதான். எங்கே போயிருந்தாய், என்ன சாப்பிட்டாய், விலாங்குமீன். காதலி விஷம் வைத்திருக்கிறாள் என்பது மெல்ல மெல்ல வெளிவரும். யூவன் மக்கால் பாடியது ஸ்காட்டிஷ் உச்சரிப்பில், கொஞ்சம் சிரமம், வரிகள் கையில் இருந்தால் சமாளிக்கலாம். கேட்டு முடித்த கையோடு பாப் டிலனின் 'எ ஹார்டு ரெயின்ஸ் எ-கோனா ஃபால்' (1963) போடுங்கள். அதே தாயின் கேள்வி, அதே மகனின் பதில்.

'ஹென்றி லீ', சைல்டு 68. மேலே தலைப்பெழுதிக் காட்டினேனே, அந்தக் கதைதான். ஹாரி ஸ்மித் தொகுப்பின் முதல் பாட்டாக டிக் ஜஸ்டிஸ் பாடியது, கரகரப்புக்கு நடுவே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. அதே கதையை நிக் கேவும் பிஜே ஹார்வியும் 1996இல் 'மர்டர் பேலட்ஸ்' ஆல்பத்தில் முகத்தோடு முகம் வைத்துப் பாடுகிறார்கள். அந்த ஆல்பம் முழுக்கக் கொலை, ஒரே மூச்சில் கேட்காதீர்கள்.

'மேட்டி குரோவ்ஸ்'. ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 1969 ஆல்பமான 'லீஜ் அண்ட் லீஃப்', பாடுகிறவர் சாண்டி டென்னி, எட்டு நிமிடம். பேருந்தில் நான் தவறவிட்ட பாட்டு இதுதான். பிரபு வெளியூரில், மனைவி ஓர் இளைஞனை அழைத்துப்போகிறாள், வேலைக்காரன் ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறான். பிரபு வந்து நிற்கிறார். ஆயுதமில்லாதவனைக் கொன்ற பழி வரக்கூடாது என்று அவனை உடுத்தச் சொல்லி, தன்னிடமுள்ள இரண்டு வாளில் நல்லதை அவனிடமே கொடுக்கிறார். கொன்றபின் மனைவியிடம் 'இப்போது யாரைப் பிடித்திருக்கிறது' என்று கேட்கிறார். செத்தவனை என்கிறாள். அவளையும் கொல்கிறார். இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்லும்போதும், அவள் உயர்குடி, அவளை மேலே வையுங்கள் என்பதுதான் அவர் கவலை. எனக்கு நம் ஊர்க் கதைகள் சில நினைவுக்கு வந்து, அன்று சாப்பாடு இறங்கவில்லை. வார்த்தைகள் முடிந்தபின் வாத்தியம் மட்டும் பல நிமிடம் ஓடும். பாட்டு முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள்.

'குரூவல் சிஸ்டர்' (பென்டாங்கிள், 1970, சைல்டு 10) அக்கா தங்கையைக் கடலில் தள்ளிவிடும் கதை. செத்தவளின் எலும்பில் யாழ் செய்து, கூந்தலை நரம்பாகக் கட்டி, கல்யாண வீட்டில் வைத்தால் அது தானாகப் பாடி அக்காவைக் காட்டிக்கொடுக்கிறது. 'சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்' (சைல்டு 58) கடல் கதை. ராஜாவின் கடிதத்தில் முதல் வரியைப் படித்து மாலுமி சிரிக்கிறான், அடுத்த வரியில் கண்ணீர். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் 1970 பதிவு வேகமானது. மிட்செல், ஹேமர் ஆல்பத்திலும் இருக்கிறது, வார்த்தை புரிய அதுவே மேல்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பாட்டுகளில் பெண்களுக்கு நடப்பது பல இடங்களில் மனதைப் புரட்டும். வன்புணர்வும் சிசுக்கொலையும் வரும். நாள் சரியில்லாத அன்று வேறு எதையாவது கேளுங்கள்.

7. பத்து முதல் பன்னிரண்டாவது வாரம்: புதியவை

'தி ரெக் ஆஃப் தி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு', கார்டன் லைட்ஃபுட், 1976. ஆறரை நிமிடம். 1975 நவம்பர் 10ஆம் தேதி வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்று மூழ்கி 29 பேரும் இறந்தார்கள். மறுவருடமே பாட்டு வந்துவிட்டது. பல்லவி கிடையாது, ஒரே மெட்டு சுழன்று சுழன்று வரும், கப்பல் அசைவது போலவே இருக்கும். இங்கேயும் பதிவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஊழியர்மேல் பழி விழும்படி இருந்த ஒரு வரியை லைட்ஃபுட் பிற்காலத்து மேடைகளில் மாற்றிப் பாடினார், அச்சிட்ட வரியும் மேடைப் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் அதுதான்.

'ஓட் டு பில்லி ஜோ', பாபி ஜென்ட்ரி, 1967. மிசிசிப்பி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பயறைத் தள்ளு, பிஸ்கட் எடு என்பதற்கு நடுவே, ஒரு பையன் பாலத்திலிருந்து குதித்துவிட்டான் என்ற செய்தி. அவனும் கதை சொல்லும் பெண்ணும் பாலத்திலிருந்து எறிந்தது என்ன? பாட்டு சொல்லாது. விளக்கம் தேடி மணிக்கணக்கில் போகாதீர்கள், நான் போனேன், கிடைத்ததெல்லாம் ஊகம். இந்த மேசையில் ஒருத்திக்குச் சோறு இறங்கவில்லை, அம்மா அதை மட்டும்தான் கவனிக்கிறாள்.

நேரமிருந்தால் இடையில் மார்ட்டி ராபின்ஸின் 'எல் பாசோ' (1959), ஜானி கேஷ் பாடிய 'லாங் பிளாக் வெயில்' இரண்டையும் செருகிக்கொள்ளுங்கள். இரண்டாவதில் கதை சொல்கிறவன் செத்துப்போனவன். கொலை நடந்த இரவு எங்கே இருந்தாய் என்று நீதிபதி கேட்கிறார். நண்பனின் மனைவியோடு இருந்ததைச் சொல்லாமல் தூக்கில் தொங்குகிறான். பழைய பாட்டு போலவே இருக்கும், ஆனால் 1959இல் எழுதியது. கிங்ஸ்டன் டிரியோவின் 'டாம் டூலி' (1958) நேர்மாறு. வட கரோலைனாவில் 1866இல் நடந்த உண்மைக் கொலை அது, பாட்டோ உல்லாசப் பயணத்தில் பாடுவதுபோல வந்திருக்கிறது. எனக்கு ஒட்டவில்லை. உங்களுக்கு ஒட்டலாம்.

கடைசி வாரம் அயர்லாந்துக் குழுவான லங்கமின் 'கோ டிக் மை கிரேவ்', 2023. எட்டு நிமிடத்துக்கு மேல். முதலில் கிட்டத்தட்ட வெறும் குரல், பின்பாதியில் ஒரு பேரிரைச்சல் வந்து மூடும். சத்தத்தைக் குறைத்துவைத்தே ஆரம்பியுங்கள். இதை முதல் வாரத்தில் கேட்டிருந்தால் ஓடிப்போயிருப்பேன்.

8. நேரக் கணக்கு

ஒரு பாட்டுக்கு வாரத்தில் மொத்தம் ஒன்றரை மணி நேரம் போதும். ஞாயிறு கதையைப் படித்துத் தலைப்பெழுத அரை மணி, திங்கள் வரிகளோடு ஒருமுறை, புதன் வரிகளில்லாமல், வெள்ளி இரவு இருட்டில். சனிக்கிழமை அதே சைல்டு எண்ணில் வேறொரு குரல். வாரத்துக்கு இரண்டு பாட்டு என்று வேகம் கூட்டினால் கதைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனக்கு ஒரு கட்டத்தில் மேட்டியைக் கிணற்றில் போட்டது யார் என்று சந்தேகம் வந்தது.

நோட்டில் ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எண், கேட்ட பதிவின் ஆண்டு, தலைப்பு, புரியாத சொல், அவ்வளவு போதும். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் பதிவுக் காப்பகங்கள் பக்கம் போகலாம். ஆலன் லோமாக்ஸ் என்ற அமெரிக்க நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஊர் ஊராகப் பதிவு செய்தவை இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஸ்காட்லாந்துப் பதிவுகளுக்கு 'டோபர் அன் துவால்கைஷ்' என்றொரு தளம், அதுவும் இலவசம். பெயரைத் தமிழில் எழுதவே எனக்கு மூன்று முறை ஆயிற்று, தேடும்போது 'ஸ்காட்டிஷ் ஓரல் ஆர்க்கைவ்' என்று அடித்தாலும் வந்துவிடும். அங்கே பாடுகிறவர்கள் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள், கிதார் கிடையாது, நடுவில் இருமுவார்கள், வரி மறந்து நிறுத்துவார்கள். ஸ்காட்லாந்துப் பாடகி ஜீனி ராபர்ட்சன் பெயரைத் தேடி அங்கிருந்து ஆரம்பியுங்கள்.